ஆச்சியைப் பற்றி நான்கு பக்கம் எழுத வேண்டும், என்ன எழுதுவது?

கேள்வி: என் ஆச்சி இறந்து வருகிற மாதத்தோடு ஒரு வருஷம். ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்து, நினைவு மலர் போடுகிறார்கள். 'நீதான் நல்லா எழுதுவியே' என்று நான்கு பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். பிறந்தது, 21 வயதில் கல்யாணம், ஐந்து பிள்ளைகள், பதினொரு பேரப்பிள்ளைகள், 82 வயதில் கர்த்தருக்குள் நித்திரை. பத்து வரியில் முடிந்துவிட்டது. ஆச்சி வேலைக்குப் போனதில்லை, மேடை ஏறியதில்லை. சமைத்தார், எங்களை வளர்த்தார், ஜெபித்தார், உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பழைய போர்ன்விட்டா டப்பாவில் போடுவார், அவ்வளவுதான். தலையணைக்கடியில் ஒரு ஜெப நோட்டு இருந்தது, இப்போது அம்மாவிடம் இருக்கிறது. 'வேதாகமத்திலிருந்து நீதிமொழிகள் 31ஐப் போடு, போதும்' என்கிறார் பெரிய மாமா. மூத்த பையன் நான்கு வயதில் காய்ச்சலில் இறந்தபோது ஆச்சி ஆறு மாதம் கோயில் படி மிதிக்கவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதை எழுதவே கூடாது என்பது மாமாவின் கட்டளை. நான் கோயிலுக்குப் போயே நாலைந்து வருஷம் ஆகிறது. ஆச்சியின் விசுவாசத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது?
ஒரு பேத்தி, பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். 'அவ்வளவுதான்' என்று முடித்தீர்களே, அந்த வரிக்கு முன்னால் ஒரு டப்பா வருகிறது, அதற்கு அடுத்த வரியில் ஒரு நோட்டு வருகிறது. நான்கு பக்கமும் அங்கேதான் இருக்கிறது அம்மா, நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

முதலில் டப்பா. கைப்பிடி அரிசி எடுத்து வைப்பது நெல்லை, தூத்துக்குடிச் சபைகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சாதாரண விஷயம், அதனால்தான் உங்கள் கண்ணில் அது படவில்லை. உலை கொதிக்கும், அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி தனியாகப் போகும், நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். கையில் காசே இல்லாத பெண்களும் காணிக்கை கொடுக்க ஒரு வழி அது. பர்ஸ் வீட்டு ஆண்களிடம் இருந்த காலத்தில் அடுக்களைக்குள் அவர்களே எண்ணி, அவர்களே எடுத்து, யாரிடமும் கேட்காமல் கொடுத்தது. மிசோரத்துப் பெண்களும் 1910 முதல் இதைத்தான் செய்கிறார்கள், அவர்கள் மொழியில் 'புஃபாய் தாம்' என்பார்கள், அதற்கும் பிடி அரிசி என்றுதான் அர்த்தம்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிடி 50 கிராம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று குறைத்தே வைப்போம், வருஷத்துக்கு 18 கிலோ சொச்சம். கல்யாணமாகி வந்ததிலிருந்து 60 வருஷம் என்றால் ஆயிரம் கிலோவைத் தாண்டும், 25 கிலோ மூட்டையாகப் பார்த்தால் 40 மூட்டைக்கு மேல். ரேஷன் அரிசி வாங்கிய மாதங்களும், ஐந்து பிள்ளைகளும் பசியோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சாயந்திரங்களும் அதில் உண்டு. அந்த நாட்களிலும் அந்தப் பிடி போயிற்றா, இல்லை ஆச்சி அன்றைக்கு மட்டும் பாதியாகக் குறைத்தாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் எழுதுங்கள்.

'வேலைக்குப் போனதில்லை' என்பதையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே வீட்டு வேலை மட்டும் செய்கிறவரை வேலை செய்யாதவர் பட்டியலில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதே மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடுகிற பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. இது கேஸ் அடுப்பும் மிக்சியும் வந்த பிறகு. உங்கள் ஆச்சி பனை ஓலையும் சில்லாட்டையும் போட்டு எரித்துச் சமைத்த காலத்துக்கு யாரும் கணக்கு எடுத்ததில்லை, நீங்கள்தான் எடுக்க வேண்டும். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், முதலில் எதைச் செய்தார், குடும்ப ஜெபத்துக்கு யாரைத் தட்டி எழுப்பினார், யார் தூங்கி வழிந்தது, ஜெபம் நீளும்போது அடுப்பில் இருந்தது என்ன ஆயிற்று, இவ்வளவு போதும், ஒரு பக்கம் தானாக வந்துவிடும்.

மாமா சொல்கிற நீதிமொழிகள் 31ஐப் போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் முதல் வசனத்தோடு நிறுத்தாமல், குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய 10ஆம் வசனம் தொடங்கி 31 வரை ஒரு தடவை உட்கார்ந்து வாசியுங்கள். அந்த 22 வசனமும் எபிரெய மொழியில் அகரவரிசையில் அமைந்த ஒரு பாட்டு. அதில் அந்தப் பெண் என்னென்ன செய்கிறாள் என்று பாருங்கள். ஆட்டு மயிரையும் சணலையும் தேடுகிறாள், இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுக்கிறாள், ஒரு வயலை நன்றாக விசாரித்து வாங்குகிறாள், இரவில் அவள் விளக்கு அணைவதில்லை, ஏழைக்குக் கையைத் திறக்கிறாள். பாராட்டு கொஞ்சம்தான், வேலைதான் நிறைய. மாமாவுக்கு இதைக் காட்டுங்கள், அவர் கேட்ட அதிகாரமே உங்கள் பக்கம் பேசுகிறது.

உங்கள் தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்துபோகிறாள், தபீத்தாள் என்றும் பெயர். பேதுரு மேல்வீட்டுக்கு வந்தபோது அங்கே நின்ற விதவைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அழுதார்கள், அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய விசுவாசத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே எழுதியில்லை. துணியைக் காட்டினார்கள். உங்களால் அது முடியும், நீங்கள் அந்த அடுக்களையில் வளர்ந்த பிள்ளை. உங்களுக்கு இல்லாத விசுவாசத்தை இருப்பதுபோல் எழுத வேண்டாம், ஆச்சிக்குக்கூட அது பிடித்திருக்காது, அதே சமயம் நீங்கள் ஏன் கோயிலுக்குப் போவதில்லை என்ற கதைக்கும் இது இடமில்லை. நீங்கள் பார்த்ததை எழுதுங்கள், பார்த்தது எல்லாம் உங்களுக்குச் சொந்தம்.

இப்போது நோட்டு. இதில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஜெப நோட்டில் ஊர் ரகசியம் பாதி இருக்கும். யார் குடிக்கிறார், யார் வீட்டில் பிள்ளை இல்லை, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யாருக்குக் கடன் என்று அவரை நம்பி வந்து சொன்னதெல்லாம் அதில் இருக்கும், அது அச்சில் போகக் கூடாது. நீங்களும் அம்மாவும் மட்டும் உட்கார்ந்து முழுதாக வாசியுங்கள். பிறகு யாரையும் நோகடிக்காத வரிகளாக ஏழெட்டு எடுங்கள்: பால்காரர் மகனின் பரீட்சை, எதிர்வீட்டு ஆபரேஷன், உங்கள் முதல் வேலை என்று எது இருக்கிறதோ அதை, அவர் கையெழுத்திலேயே படமெடுத்துப் போடுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். உங்கள் பெயரும் எங்காவது இருக்கும். பெங்களூருக்குப் போன பிறகு எழுதியதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அதை வாசிக்கிற அன்று தனியாக இருக்காதீர்கள்.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி மாமாவோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கு வயதுப் பிள்ளையைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த 20 சொச்சம் வயதுப் பெண், அடுத்த ஞாயிறு சேலை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்து பாடினாள் என்று எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வராது. 88ஆம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புலம்பல், முடிவில் ஓர் ஆறுதல் வார்த்தைகூடக் கிடையாது, இருட்டிலேயே முடியும். அதையும் வேதாகமத்துக்குள் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி உயரம், அந்தச் செம்மணல் தேரிக் காட்டில் எங்கே நின்றாலும் தெரியும், ஆறு மாதமும் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது ஆச்சியின் கண்ணில் பட்டிருக்கும். பிறகு ஒரு நாள் திரும்பிப் போனாரே, அந்த நாள் எது? யார் கூப்பிட்டார்கள்? சபை ஐயரின், அதாவது போதகரின், மனைவி ஐயரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாரா, இல்லை ஒருவரும் கூப்பிடாமல் தானே போனாரா? முக்கியமாக, அந்த ஆறு மாதமும் டப்பாவில் அரிசி விழுந்ததா? இதற்கு விடை தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் ஊரில் மிச்சம் இருப்பார்கள், எல்லோருக்கும் எண்பதைத் தாண்டியிருக்கும், இந்த வாரமே போன் போடுங்கள். எழுதி முடித்ததும் மாமாவிடம் அந்தப் பத்தியை மட்டும் முதலில் கொடுங்கள். இறந்தது அவருடைய அண்ணன், அவருக்கும் அதில் ஒரு வலி இருக்கும். அவர் கண் கலங்கி 'வேண்டாம்' என்றால் எடுத்துவிடுங்கள், அச்சில் வராவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கட்டளையாக 'வேண்டாம்' என்றால் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அம்மா போய் 14 வருஷம் ஆகிறது. நானும் ஒரு மலர் எழுதினேன், பக்தியுள்ள தாய், ஜெபவீராங்கனை, விருந்தோம்பலில் சிறந்தவர் என்று வரிசையாக எழுதி, எல்லோரும் அருமை என்றார்கள். போன வருஷம் அதை எடுத்து வாசித்தேன், அதில் என் அம்மா இல்லை. அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது கீர்த்தனை பாடுவார், மாவைத் தள்ளிவிட இடது கை உள்ளே போகும்போது பாட்டு நிற்கும், கை வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சின்ன வயதில் அந்தப் பாட்டே அப்படித்தான், நடுவில் நிறுத்தி நிறுத்திப் பாட வேண்டும் என்று நினைத்து, ஓய்வுநாள் பள்ளியில் நானும் அப்படியே பாடியிருக்கிறேன். இதை நான் எழுதவில்லை. எந்தக் கீர்த்தனை என்று இப்போது யோசித்தால் இரண்டு பாட்டு வருகிறது, எது என்று தெரியவில்லை, கேட்பதற்குப் பெரியம்மாவும் இல்லை.

அட்டைக்கு ஸ்டுடியோவில் எடுத்த போட்டோதான் வேண்டும் என்பார்கள், போடட்டும். உள்ளே ஒரு பக்கத்தில் அந்த டப்பாவின் படத்தைப் போடுங்கள், மூடி நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை. அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது, அதற்குள் ஆச்சி கடைசியாகப் போட்ட அரிசி இன்னும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால், வண்டு விழுந்திருந்தாலும் புடைத்து எடுத்து, ஸ்தோத்திர ஜெபத்தன்று ஐயரிடம் கொடுத்துவிடுங்கள். காணிக்கைக்கு என்று எடுத்து வைத்தது, இன்னும் போய்ச் சேரவில்லை.