மண் போடாத சாவு

கேள்வி: எங்கள் சித்தப்பா 2017-ல் ஒக்கி புயலில் கடலோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. சித்தி இன்னமும் கிறிஸ்துமஸ் வந்தால் அவருக்கு ஒரு சட்டை எடுத்து அலமாரியில் வைக்கிறார். பிறந்தவர் சாவது உறுதி என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சாவுக்குப் பயப்படுவதும், போனவர் போய்விட்டார் என்பதை ஏற்க மறுப்பதும் மனித மனத்தின் பலவீனம்தானே?
– வாசகர் ஒருவர், நித்திரவிளை

பதில்: பலவீனமா? உங்கள் சித்தி குடியிருக்கும் கரையில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வராது.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லை வரை ஒட்டிக் கிடக்கிற ஊர்களின் தொழில் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்காகும், சில சமயம் மாதம் தாண்டும். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டுப் பெண்கள் செய்வது காத்திருப்பதுதான். வரும் தேதி தெரியாது. வருவார் என்பது மட்டும் தெரியும். அப்படியே வாழ்ந்து பழகியவரிடம் 'இந்தத் தடவை வரமாட்டார்' என்று சொல்ல ஒரு துக்க மணி வேண்டும், ஒரு பெட்டி வேண்டும், பெட்டிக்குள் ஒரு முகம் வேண்டும். உங்கள் சித்திக்கு எது வந்தது? நவம்பர் 30-ம் தேதி புயல் அடித்தது. அதன் பிறகு லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிய படகுகளிலிருந்து, எந்தத் தகவலும் இல்லாதிருந்த ஆட்கள் பல நாள் கழித்து ஊர் திரும்பினார்கள். அடுத்த தெருக்காரர் திரும்பி வந்ததைப் பார்த்தவர் தன் புருஷனும் வருவார் என்று நினைத்ததில் என்ன பிசகு?

இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. சாவு வெறும் உடல் நிகழ்வு, சடங்கெல்லாம் வீண் செலவு என்று எழுதிக்கொண்டே இருக்கும் பகுத்தறிவு நண்பர்களோடு. எனக்கும் மோட்சத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் துட்டி வீட்டில் நடப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். நீர்மாலை எடுத்து வருகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், கோடி போர்த்துகிறார்கள். மகள் வாய்க்கரிசி போடும்போது விரல் உதட்டில் படுகிறது. அம்மாவின் உதடு அது. ஆனால் குளிர்ந்திருக்கிறது, அரிசி உள்ளே இறங்காமல் ஓரத்திலேயே நிற்கிறது. அதுவரை 'அம்மா, எழும்பு' என்று கதறியவள் அந்த இடத்தில் கையை இழுத்துக்கொள்கிறாள். அம்மா போய்விட்டாள் என்பது அவளுக்குள் இறங்குவது அப்போதுதான். டாக்டர் சொன்னபோது இறங்கவில்லை. கடலோர ஊரில் பெட்டியின் மேல் போடும் ஒரு பிடி மண்ணும் இதைத்தான் செய்கிறது. சாவை நாம் அறிவால் ஏற்பதில்லை, கையால் ஏற்கிறோம். கைக்கு எதுவும் கிடைக்காதவரிடம் போய் ஏற்றுக்கொள் என்பது கொடுமை.

மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் என்ற வரிசை வீடுகள் மேல் மலை சரிந்தது. மாண்டவர்கள் 70 பேர், பெரும்பாலும் நம் தென்மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள். 66 உடல்கள் கிடைத்தன. மீதி நான்கு பேருடைய வீட்டாரிடமும் 'பலவீனம்' என்று சொல்வீர்களா? கொரோனா காலத்தில் உறையில் கட்டிய உடலைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், செத்தது அப்பாதானா என்ற சந்தேகம் இன்னும் சிலருக்கு விடவில்லை.

ஒருவரைப் பற்றி ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டம். ரத்தமும் சதையும் இல்லாத சட்டமே ஏழு வருட அவகாசம் எடுத்துக்கொள்கிறது. ஒக்கியில் அரசு அதுவரை காத்திருக்காமல், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் கொடுத்தது. கொடுக்கத்தான் வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டுமே. ஆனால் பணத்தை வாங்கியவர் சாவையும் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது பெரிய அநியாயம். 'பணம் வாங்கியாச்சு, இன்னும் என்ன சட்டை' என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருந்தால், அவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

பயத்துக்கு வருகிறேன். சாவுக்குப் பயம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவரை, முற்றிய நோயாளிகள் செத்த பிறகு என்ன ஆகும் என்று அதிகம் கேட்பதில்லை. ராத்திரி வலி வந்தால் என்ன செய்ய, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேனோ, எல்லோரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்களே என்பதுதான் அவர்கள் பேச்சு. இதில் எது பலவீனம்? மூன்றும் நாம் அவர்களுக்குச் செய்துவைத்த நிலைமை. 'அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று டாக்டரிடம் கெஞ்சும் மகன்களைப் பற்றி நான் எழுதியபோது பலர் கோபித்தார்கள். மறுபடியும் எழுதுகிறேன்: கேட்கிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொய்யோடு தனியே கிடப்பதுபோல் பயமூட்டுவது வேறில்லை.

வலிக்கு மருந்து இருக்கிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தால், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிப்போய், 2014-ல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிலர் தொடங்கிய வலி நிவாரண வேலை ஊர் ஊராகப் பரவியது. 2008-ல் கேரளம் அதற்கென்றே அரசுக் கொள்கை வகுத்தது. அங்கே படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் வீடு தேடி நர்ஸ் வருகிறார், கூடவே அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் வருகிறார்கள். நம் பக்கத்திலும் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தப் பராமரிப்பு உண்டு. உங்கள் ஊரில் அது படுக்கையில் கிடப்பவர்களின் வாசல் வரை வருகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அச்சில் போடுகிறேன்.

சித்தி இந்த கிறிஸ்துமஸுக்கும் துணிக்கடைக்குப் போவார். கூடப் போங்கள். சித்தப்பாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவரிடம் கேளுங்கள்.