கொக்கோபோலோவில் பசை பிடிக்காதது ஏன்?
வணக்கம். பனாமாவில் வாங்கி வந்த கொக்கோபோலோ மரத்துண்டுகளை வெள்ளைப் பசையால் ஒட்டியதாகவும், இரண்டாம் நாளே கையோடு கழன்று வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பசையைத் திட்டாதீர்கள். அந்த மரத்தில் இயற்கையாகவே எண்ணெய் அதிகம்; அது பசையைப் பிடிக்க விடாது. ஒட்டப்போகும் முகத்தைப் புதிதாகச் சீவி, வெள்ளைத் துணியில் எண்ணெயைக் கரைக்கும் அசிற்றோன் திரவத்தைத் தொட்டு அழுத்தித் துடையுங்கள். துணி செம்மஞ்சளாகும். நிறம் குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைத்து, காய்ந்ததும் தாமதிக்காமல் எப்பொக்சிப் பசை பூசுங்கள். துண்டுகளைச் சேர்த்து மிகவும் இறுக்கினால் பசை முழுக்க வழிந்துவிடும், அளவோடு போதும்.

கை அரிப்புக்கு வெயிலைக் காரணம் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அது மரத்தூள். முதிரை மரம் அறுத்த அன்று என் கழுத்தே தடித்துப்போனது; கொக்கோபோலோ அதைவிடப் பொல்லாதது. ஒவ்வாமை ஒருமுறை பற்றினால் அடுத்த முறை கூடும். முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் வாளைத் தொடாதீர்கள்.

மிச்சத் துண்டுகளின் வெட்டுமுனைகளுக்கு இன்றே மெழுகு பூசுங்கள். சோளகக் காற்றில் முனை வெடித்துவிடும். இன்னொன்று: கொக்கோபோலோ சேர்ந்த டல்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் பட்டியலில், அதாவது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில், இருக்கிறது. செய்து முடித்த பெட்டியைக் கனடாவில் உள்ள அக்காவுக்கு அனுப்புமுன் அனுமதி தேவையா என்று விசாரியுங்கள்.