பிரவுசரும் கோப்பு வகைகளும்: கேள்வி பதில்

திருப்பூரிலிருந்து: வெளிநாட்டு ஆர்டர் பிடிஎஃப் சில தளங்களில் இறங்குகிறது, சிலவற்றில் பிரவுசரிலேயே திறந்துகொள்கிறது. ஏன் ஐயா?

அனுப்புகிற சர்வர்தான் காரணம். கோப்புக்கு முன்னால் அது சில குறிப்புகளை அனுப்பும். 'கன்டென்ட்-டைப்' என்பது வகையைச் சொல்லும். 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' குறிப்பில் 'அட்டாச்மென்ட்' என்றிருந்தால் பிரவுசர் சேமித்துக்கொள்ளும். அது இல்லையென்றால், தனக்குக் காட்டத் தெரிந்த வகையா என்று பார்க்கும். பிடிஎஃப் தெரியும், ஆகவே திறந்துவிடும். எப்போதும் இறங்க வேண்டுமென்றால் குரோம் அமைப்புகளில் பிடிஎஃப் பகுதியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மஞ்சள் விலைப் பட்டியல் எக்செல் கோப்பு, ஜிப்பாக இறங்குகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. எக்செல் 2007 முதல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உள்ளுக்குள் ஜிப்தான், அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. நோட்பேடில் திறந்து பார்த்தால் முதல் இரண்டு எழுத்துகள் 'பிகே'. ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். சர்வர் வகையைச் சொல்லாமல் விட்டால் பிரவுசர் அந்தத் தொடக்கத்தை முகர்ந்து பார்த்து 'ஜிப்' என்று முடிவு கட்டும். பெயரின் வாலை, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதை, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (xlsx) என்று மாற்றுங்கள், திறக்கும். அனுப்புகிறவரிடமும் சொல்லிவையுங்கள், பிழை அவர் பக்கம்.

பொள்ளாச்சி மாணவி: இணையத்தில் எடுத்த படம் வெப்பி (WebP) வகையாக வந்தது. பெயரை ஜேபெக் என்று மாற்றியும் விண்ணப்பத் தளம் ஏற்கவில்லை ஐயா.

ஏற்காதுதான் அம்மணி. மூட்டைமேல் 'விரலி' என்று சீட்டு ஒட்டினால் கிழங்கு மஞ்சள் விரலியாகிவிடுமா? ஈரோட்டுக்காரருக்குப் பெயர் மாற்றம் பலித்தது, உள்ளே இருந்தது எக்செல்லே என்பதால். நீ படத்தைப் பெயின்டில் திறந்து ஜேபெக் ஆகச் சேமித்துவிடு.

கோபியிலிருந்து: 'சிஆர்டவுன்லோட்' என்று முடியும் கோப்பு எதில் திறக்கும்?

எதிலும் திறக்காது. குரோமில் பாதியில் நின்ற பதிவிறக்கம் அது. மறுபடி இறக்குங்கள்.

கரூரிலிருந்து: 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று மின்னஞ்சலில் வந்த இணைப்பை இறக்கினேன். பிரவுசர் எச்சரிக்கிறது. திறக்கலாமா?

வேண்டாம். விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகைகளின் வாலை மறைத்தே காட்டும். முழுப்பெயர் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.எக்ஸ்இ' என்றால் அது பில் அல்ல, நிரல். மேலே தெரியும் பிடிஎஃப் படத்தை நம்ப வேண்டாம், யாரும் ஒட்டலாம். கோப்பு மேலாளரில் 'வியூ' பட்டியலுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும்.