பழைய மரக்குதிரைக்கு புது பெயிண்ட் அடிக்கலாமா?

வணக்கம் சார்,

போன மாசம் ஒரு ஏலத்துல சக்கரம் வச்ச மரக்குதிரை பொம்மை ஒண்ணு வாங்கினேன். பெயிண்ட் பாதிக்கு மேல உதிர்ந்து போச்சு, ஒரு காது உடைஞ்சிருக்கு, அடியில பூச்சி அரிச்ச ஓட்டை வேற. நூறு வருஷத்துக்கு மேல பழசுன்னு சொல்லித்தான் வித்தாங்க. நிஜமா பழசான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? தேச்சு புது பெயிண்ட் அடிச்சிடலாமா, வீட்ல அதைத்தான் சொல்றாங்க. இந்த மாதிரி நாட்டுப்புறக் கலைப் பொருளெல்லாம் சேர்த்து வச்சா பின்னாடி நல்ல விலைக்குப் போகுமா?

- ஒரு வாசகர்

வணக்கம்.

தயவுசெஞ்சு அதை தேய்ச்சிடாதீங்க. பாலிஷ், பெயிண்ட், எண்ணெய் எதுவுமே வேண்டாம். இந்த மாதிரி பொருள்ல செஞ்சவர் கையெழுத்து பெரும்பாலும் இருக்காது, தேதி இருக்காது, அதோட மேல்பரப்பு மட்டும்தான் நமக்கு கிடைச்சிருக்கற ஆவணம். பெயிண்ட் உதிர்ந்த ஓரத்த ஒரு லென்ஸ் வச்சு பாருங்க, அடியில வேற கலர் தெரிஞ்சா யாரோ ஒருத்தர் அதை ஒரு தடவ புதுப்பிச்சு திரும்ப விளையாடக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம், பத்து நிமிஷம் உப்புத்தாள் போட்டீங்கன்னா அதெல்லாம் தூளாப் போயிடும். அந்தத் தூளும் ஆபத்து, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

பழசான்னு பார்க்க குதிரைய தலைகீழா திருப்புங்க, முகத்த விட அடிவயிறுதான் நிறைய சொல்லும். சக்கரம் பலகையில வெட்டினதா இருந்தா ஒரு காலிப்பர் (விட்டம் அளக்கற கருவி) எடுத்து மர ரேகை போற திசையில ஒரு தடவ, அதுக்கு குறுக்கே ஒரு தடவ அளந்து பாருங்க. மரம் காயக் காய குறுக்குவாட்டுலதான் சுருங்கும், நீளவாட்டுல கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது, அதனால வட்டமா கடைஞ்ச பழைய சக்கரம் லேசா முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது. ஸ்க்ரூ தலையில பிளஸ் குறி இருந்தா அந்த ஸ்க்ரூ 1930கள்ல வந்த ஃபிலிப்ஸ் வகை, ஆனா பின்னாடி ரிப்பேர்ல போட்டதாவும் இருக்கலாம், உடனே ஏமாந்துட்டோம்னு முடிவு கட்டாதீங்க.

பூச்சி ஓட்டைய கவனமா பாருங்க. பூச்சி வெளிய வர்ற வழி சின்ன வட்ட ஓட்டையாத்தான் இருக்கும், உள்ள போற சுரங்கம் வளைஞ்சு வளைஞ்சு போகும். அந்த சுரங்கமே வாய்க்கால் மாதிரி மேல்பரப்புல திறந்து கிடந்து, அதுக்கு மேலயே பெயிண்ட் ஓடியிருந்தா, பூச்சி அரிச்ச பழைய மரத்த எடுத்து பின்னாடி செதுக்கியிருக்காங்களோன்னு சந்தேகப்படணும். தேய்மானமும் நியாயமான இடத்துல இருக்கணும், அதாவது முதுகு, மூக்கு, கயிறு கட்டின இடம் இதெல்லாம் வழவழன்னு ஆகி, கை போகாத இடுக்குல பெயிண்ட் மிஞ்சியிருக்கணும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா அது உப்புத்தாள் வேலையா இருக்கலாம். ஒரு அடையாளத்த மட்டும் நம்பாதீங்க, பழைய ஆணி, பழைய பலகை எல்லாம் எங்க வேணா கிடைக்கும், எல்லா அடையாளமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னுதான் பார்க்கணும்.

விலை பத்தி கேட்டீங்க. வித்து காசு பார்க்கணும்னா இது சரியான வழின்னு நான் சொல்ல மாட்டேன், ரசனை மாறிச்சுன்னா விலையும் இறங்கிடும். அலெக்சாண்டர் ஜிரார்டுன்னு அமெரிக்க டிசைனர் ஒருத்தர், மனைவி சூசனோட சேர்ந்து உலகம் முழுக்க பொம்மை, துணி, குட்டி குட்டி மண் உருவம்னு சேர்த்தாரு, ஒரு லட்சத்துக்கும் மேல, கடைசில 1978ல எல்லாத்தையும் அமெரிக்காவுல சாண்டா ஃபேல இருக்கற சர்வதேச நாட்டுப்புறக் கலை மியூசியத்துக்கு குடுத்துட்டாரு. எலெக்ட்ரா ஹேவ்மேயர் வெப்னு இன்னொரு அமெரிக்க சேகரிப்பாளர், அவங்க அப்பா அம்மா டெகா, மோனேன்னு பிரெஞ்சு ஓவியர்களோட ஓவியமெல்லாம் வாங்கிக் குவிச்சவங்க, எலெக்ட்ரா என்னடான்னா சின்ன வயசுலயே புகையிலைக் கடை வாசல்ல நிக்கற மரச்சிலைய வாங்கிட்டு வந்தாங்க, 1947ல ஷெல்பர்ன் மியூசியத்தையே ஆரம்பிச்சாங்க. ஜப்பான்ல யானகி சோயெட்சுன்னு ஒரு சிந்தனையாளர், பேர் தெரியாத கைவினைஞர்கள் அன்றாடப் புழக்கத்துக்கு செஞ்ச பொருள்லதான் அழகு இருக்குன்னு வாழ்நாள் பூரா வாதாடி, அதுக்காகவே 1936ல டோக்கியோல ஒரு மியூசியம் திறந்தாரு. மத்தவங்க குப்பைன்னு நினைச்சத இவங்க எல்லாரும் ஆசையா கையில எடுத்துப் பார்த்தாங்க. நீங்களும் தினமும் எடுத்துப் பார்க்கணும்னு தோணற பொருள மட்டும் வாங்குங்க.

இப்போதைக்கு குதிரைய ஒரு கறுப்புத் தாள் மேல வச்சு சில வாரம் தனியா வைங்க. தாள்ல மாவு மாதிரி புதுசா தூள் விழுந்தா உள்ள பூச்சி உயிரோட இருக்குன்னு அர்த்தம், பாலித்தீன் கவர்ல போட்டு நல்லா மூடிட்டு ஒரு கன்சர்வேட்டர்கிட்ட (பழைய பொருளப் பாதுகாக்கற நிபுணர்) காட்டுங்க, நீங்களா மருந்து அடிக்காதீங்க. காதோட உடைஞ்ச துண்டு இருந்தா ஒட்டாம பத்திரப்படுத்துங்க. எங்க, எப்போ வாங்கினீங்க, வித்தவர் என்ன சொன்னாருன்னு ஒரு தாள்ல எழுதி ஏல ரசீதோட வைங்க. சக்கரத்த அளந்து பார்த்துட்டு என்ன வந்துச்சுன்னு எழுதுங்க, அடிப்பக்கம் போட்டோவும் அனுப்புங்க, பார்க்க ஆவலா இருக்கேன்.