உங்கள் சாலையில் மெட்ரோ வருகிறதா? எப்போது, எதைக் கேட்பது: கேள்வி பதில்

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம்: மூன்று தடங்கள், 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். அடுத்து விமான நிலையம்–கிளாம்பாக்கம் நீட்டிப்பு வரிசையில் நிற்கிறது. கருத்துக் கேட்பில் என்ன பேசுவது என்று வந்த கேள்விகளுக்கு, போக்குவரத்துத் திட்டமிடல் தெரிந்த ஒருவரின் பதில்கள்.

சார், எங்கள் ஏரியாவுக்கு ஸ்டேஷன் வேண்டும் என்று 70 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பலன் உண்டா?

கையெழுத்து இருக்கட்டும், திட்டம் எந்தப் படியில் இருக்கிறது? தடம் எந்தச் சாலையில் போகும் என்பது சாத்தியக்கூறு ஆய்வோடு ஏறக்குறைய முடிவாகிவிடும். டிபிஆர் எனப்படும் விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போது ஸ்டேஷன் எங்கே, பாலத்திலா சுரங்கத்திலா என்று பேசலாம். அதற்குப் பிந்தைய வடிவமைப்பில் நுழைவாயில், லிஃப்ட், பஸ் நிற்கும் இடம் போன்றவைதான் நகரும். டெண்டர் விட்டுவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்பந்ததாரர் கூடுதல் பணம் கேட்பார். அந்தப் படியில் என்றால் உங்கள் மனு அநேகமாகக் கோப்பிலேயே தூங்கும்.

டிபிஆர் படியில் இருந்தால் கையெழுத்தோடு எண்களையும் கொடுங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு வேலை நாளில், காலை 8 முதல் 10, மாலை 5.30 முதல் 7.30 வரை, உங்கள் பஸ் நிறுத்தத்தில் ஏறுவோரையும் இறங்குவோரையும் 15 நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். தேர்வுக் காலமும் பண்டிகை வாரமும் வேண்டாம். ஸ்டேஷன் கேட்கும் இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை வீடு, பள்ளி, மருத்துவமனை என்றும் சேருங்கள். தூரத்தை நடந்து அளக்க வேண்டும். வரைபடத்தில் வட்டம் போட்டால், நடுவில் ஒரு கால்வாயோ தண்டவாளமோ இருந்தாலே கணக்கு பொய்த்துவிடும். 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி திட்டத்தில் போடும் பணத்துக்குப் பொருளாதாரப் பலன் ஆண்டுக்கு 14 சதவீதமாவது இருக்க வேண்டும். பயணிகள் எண்ணிக்கை அந்தக் கணக்குக்குள் போய் உட்காரும்; "எங்கள் நீண்டநாள் கோரிக்கை" என்ற வரி உட்காராது.

இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் என்ன குறைந்துபோகும்?

ஒரு ஸ்டேஷன் கூடினால், அதைக் கடந்து போகும் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரு நிமிடம் கூடும். 30 விநாடி நிற்பது மட்டுமல்ல, வேகம் குறைத்துப் பிறகு எடுப்பதும் சேர்ந்தது. இடமும் வாகாக அமைய வேண்டும்: ஆறு பெட்டி ரயிலுக்கு ஏறத்தாழ 140 மீட்டர் நடைமேடை, அதுவும் நேராக, மட்டமாக. வளைவிலும் பாலத்திலிருந்து சுரங்கத்துக்கு இறங்கும் சரிவிலும் கேட்காதீர்கள். இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதலில் இருந்தவை 128 நிலையங்கள். சராசரி இடைவெளி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அவற்றிலேயே சிலவற்றைக் கைவிட்டார்கள்.

வீட்டுக்கு அடியில் சுரங்கம் போகிறது. விரிசல் விட்டால் யாரைக் கேட்பது?

விரிசல் விடும் முன்பே கேளுங்கள். தோண்டுவதற்கு முன் தடத்தின் இரு பக்கக் கட்டடங்களையும் ஆய்வு செய்து படமெடுப்பார்கள். வருபவர்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. பிறகு "இது பழைய விரிசல்" என்று சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. அறை அறையாகக் கூடவே நின்று, இருக்கும் விரிசல்களையெல்லாம் பதியச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நீங்களும் ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். அஸ்திவாரத்தின் ஆழம், வகை, போர்வெல் இருக்கும் இடம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். போர்வெல்லைச் சொல்ல மறப்பவர்கள்தான் அதிகம்.

சென்னை மண் ஓரிடத்தில் களி, அடுத்த இடத்தில் மணல், அதற்கு அடுத்து பாறை. தோண்டும் எந்திரம் ஒரு வகை மண்ணிலிருந்து மற்றொரு வகைக்கு மாறும் இடத்தில்தான் அதிகம் சரியும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் இறங்கியது நினைவிருக்கும்.

நுழைவாயிலுக்காக எங்கள் இடத்தை எடுப்பதாக நோட்டீஸ். எத்தனை நாள் அவகாசம்?

எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று நோட்டீஸில் முதலில் பாருங்கள். 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு என்றால் ஆட்சேபிக்க 60 நாள். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தின் கீழும் மெட்ரோவுக்கு நோட்டீஸ் வருகிறது. அப்போது அந்தத் தாளில் போட்டிருக்கும் கெடுதான் கணக்கு. 60 நாள் என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

"எடுக்காதே" என்று மட்டும் எழுதினால் ஒரு வரியில் நிராகரிப்பார்கள். அருகிலுள்ள அரசு நிலத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து, அங்கே ஏன் வைக்க முடியவில்லை என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் காரணம் எழுதியாக வேண்டும். தனியார் இடத்தைக் காட்டினால் பிரச்சினை இன்னொருவர் வாசலுக்குப் போகும், அவ்வளவுதான். ஆயிரம் விளக்கு நிலையத்தில் கோயில் இடத்துக்குப் பதில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இடம் என்று மாற்றினார்கள். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அந்த நோட்டீஸை ரத்து செய்தார். கட்டடம் கட்டும் முன் மெட்ரோவிடமே தடையில்லாச் சான்று வாங்கியிருந்தது அந்த நிறுவனம். அப்படி ஒரு சான்று உங்களிடம் இருந்தால் அதைத்தான் முதல் பக்கத்தில் இணைக்க வேண்டும்.

வாடகைக் கடை அண்ணா. எங்களுக்கு எதுவும் கிடையாதா?

உண்டு தம்பி. நிலம் எடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் அங்கே பிழைப்பு நடத்திய வாடகைதாரரும் 2013 சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, மாநகராட்சித் தொழில் உரிமம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வீடு வீடாகக் கணக்கெடுக்கும் நாளைக் கட்-ஆஃப் தேதியாக வைப்பார்கள். அன்று கடை பூட்டியிருந்து பெயர் விடுபட்டால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

சுற்றுச்சூழல் பொது விசாரணை கட்டாயம்தானே?

இல்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் பட்டியலில் மெட்ரோ கிடையாது. ஆனால் கடன் கொடுக்கும் ஜைக்கா (ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பு), ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. அதிகப் பாதிப்புள்ள திட்டம் என்று வகைப்படுத்தினால், கடனுக்கு ஒப்புதல் தருவதற்கு 120 நாள் முன்பே தாக்க அறிக்கையை வெளியிட வேண்டும் என்பது ஆசிய வளர்ச்சி வங்கியின் விதி. மரம், இரைச்சல், இடப்பெயர்வு பற்றிய ஆட்சேபத்தை மெட்ரோ நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

மேம்பாலத் தடம், படுக்கையறைக்கு எதிரே. சத்தம்?

குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. பிரதான சாலையில் இப்போதே அதைத் தாண்டியிருக்கும். அதனால் வேலை தொடங்கும் முன் உங்கள் ஜன்னலில் இரவு அளவீடு எடுக்கச் சொல்லுங்கள். கூர்மையான வளைவில் சக்கரம் கிறீச்சிடும்; உங்கள் வீடு அப்படி ஒரு வளைவில் இருந்தால் செயினேஜ் எண்ணை (தடத்தின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்ற அளவு) குறிப்பிட்டு அந்த நீளத்துக்கு ஒலித்தடுப்புக் கேளுங்கள்.

லிஃப்ட் சாலையின் ஒரு பக்கம்தான் என்கிறார்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி.

இரு பக்கமும் கேளுங்கள். முடியாது என்றால், சாலையைச் சமதளத்தில் கடக்க சிக்னல் வேண்டும் என்று அதே மனுவில் எழுதுங்கள். நடைபாதையிலிருந்து லிஃப்ட் வாசல் வரை படியே இருக்கக் கூடாது. சாய்தளம் 12 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக் கூடாது. மழைநீர் புகாமல் இருக்க வாசலை உயர்த்துவார்கள்; சாய்தளத்துக்கு வேண்டிய நீளத்தை அங்கேதான் விட்டுவிடுவார்கள். வரைபடத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் விரல் வைத்துப் பாருங்கள்.

வரைபடம் காட்டவே மாட்டேன் என்கிறார்கள்!

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். "டிபிஆர் முழுவதும் வேண்டும்" என்று கேட்காதீர்கள். உங்கள் ஸ்டேஷனின் பொது அமைப்பு வரைபடம், நில அட்டவணையில் உங்கள் சர்வே எண் உள்ள பக்கம், கருத்துக் கேட்புக் கூட்டக் குறிப்பு: இந்த மூன்றும் போதும்.