நாலு மணி பஸ்ஸைத் தவறவிடு

கேள்வி: வணக்கம் அம்மா. மொரீஷியஸில், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பி.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கிறேன். வீடு மாஹேபூரில். காலை ஆறு மணிக்கு முன்பே பஸ் ஏறி, கியூர்பிப்பில் இறங்கி மெட்ரோ பிடித்து, ரோஸ் ஹில்லில் மாறி வகுப்புக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு மணிக்கெல்லாம் திரும்பக் கிளம்பிவிடுவேன். வெளிநாட்டில் படிக்கும் என் பள்ளித் தோழிகள் விடுதி, ஊர் சுற்றல், நள்ளிரவு அரட்டை என்று படம் படமாக அனுப்புகிறார்கள். எனக்குக் காட்டுவதற்கு பஸ் ஜன்னல்தான் இருக்கிறது. இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. போ பாசானில் சித்தி இருக்கிறார், ஆனால் அவருக்குத் தொந்தரவு கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. மூன்று வருடமும் இப்படியே போய்விடுமோ? படிக்கிற ஊரில் நினைவில் நிற்கிற மாதிரி என்ன செய்யலாம்?
– முதலாண்டு மாணவி, மாஹேபூர்

பதில்: மகளே, உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் ‘நாலு மணி’யில் நின்றுவிட்டேன். நானும் நாலு மணிக்காரிதான். நீ தெற்கு, நான் வடக்கு, குட்லண்ட்ஸ். அதே வளாகத்தில்தான் படித்தேன். முதல் இரண்டு வருடம் எனக்குத் தெரிந்த மோக்கா என்பது பஸ் நிறுத்தம், வகுப்பறை, மறுபடி பஸ் நிறுத்தம். அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் ஒரு நாள் வகுப்பு நீண்டுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ் போய்விட்டது. கூட இருந்த தோழி, “எங்கள் வீட்டுக்கு வா, அப்பா கொண்டுபோய் விடுவார்” என்றாள். அவள் வீடு சென் பியேரில். எங்கள் வீட்டில் போன் கிடையாது. மூலையில் இருந்த சீனர் கடைக்குப் போன் செய்து, அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். தோழியின் அம்மா அப்போதுதான் காத்தோ பிமான் போட்டுக்கொண்டிருந்தார். நம் பருப்பு வடையின் தங்கை மாதிரி இருக்குமே, அதுதான். ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, எண்ணெய் சொட்டச் சொட்ட நாலை உள்ளே வைத்து அழுத்திக் கொடுத்தார். வெளியே மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கரும்புத் தோட்டத்தின் முனை கண்ணெதிரிலேயே மறைந்தது. அவர்கள் முஸ்லிம் குடும்பம். மக்ரிப் தொழுகைக்கு வீடு அமைதியானது, நான் சமையலறையில் டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வருடத் தேர்வில் என்ன கேட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ரொட்டியின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது.

அதனால் முதலில் நாலு மணியைக் கவனிப்போம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். வீட்டிலிருந்து போய்ப் படிப்பவர்களுக்குப் படிக்கிற ஊர் தானாகக் கிடைக்காது. விடுதிப் பிள்ளைக்குக் காலையும் மாலையும் கேட்காமலே வாய்க்கிறது. நாம் அதைப் பஸ் நேரத்திடமிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

சித்தியிடம் பேசு. “எப்போதாவது தங்கலாமா” என்று இழுக்காதே. “புதன்கிழமைதோறும் ராத்திரி உங்கள் வீட்டுக்கு வரட்டுமா சித்தி?” என்று கிழமையைச் சொல்லியே கேள். எப்போதாவது வருகிற விருந்தாளிக்குத்தான் தனியாகச் சமைக்க வேண்டும். வாரந்தோறும் வருகிற பிள்ளைக்கு ஒரு தட்டு கூட வைத்தால் போதும். போகும்போது மாஹேபூர் மரவள்ளி பிஸ்கட் ஒரு பெட்டி கொண்டுபோ. சாப்பிட்டதும் பாத்திரத்தைக் கழுவி வை. அம்மாவிடம் மறைத்து எதுவும் வேண்டாம். அவர் கேட்பது இருட்டுவதற்குள் வீடு, சித்தி வீடும் வீடுதான். உன் வளாகத்துக்குப் பக்கத்து ரெதுய் நிலையத்திலிருந்து மெட்ரோவில் ரோஸ் ஹில், அங்கிருந்து போ பாசான் பக்கம்தான். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். இரண்டு மாதம் ஒழுங்காக நடந்துகொண்டால் அம்மாவே “இன்றைக்குப் புதன்தானே, கிளம்பு” என்பார்.

சரி, அந்தப் புதன்கிழமைகளில் என்ன செய்வது? நான் முதலில் சொல்வது நீ தினமும் போய்வருகிற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1834 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்றப் பதிவேடுகள் உன் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் வந்திறங்கிய கதை. 2015-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது இந்த ஆவணங்களைத்தான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் தங்கள் வேரைத் தேடி இங்கே வருகிறார்கள். பக்கத்து அறையில் படிக்கும் பிள்ளைகளில் பலர் அந்தக் கதவைத் திறந்ததில்லை என்பது எனக்கு ரொம்பக் காலமாக இருக்கும் வருத்தம்.

உன் குடும்பத்தின் பெயரை நீ தேட வேண்டும். அதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பாட்டி, பெரியப்பா, அத்தை எல்லோரிடமும் பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களைக் கேள். உன்னிலிருந்து அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போ. பழைய திருமணப் பதிவில் சில சமயம் குடியேறியவரின் எண் இருக்கும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அங்கே ஆளுக்குப் பெயரைவிட எண்தான் அடையாளம். எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பயப்படாதே. நம் முத்துசாமியும் குப்பனும் வெள்ளைக்கார எழுத்தரின் காதில் எப்படி விழுந்தார்களோ அப்படித்தான் தாளில் ஏறியிருப்பார்கள். வாய்விட்டுப் படி, தமிழ் தெரிந்த காது கண்டுபிடித்துவிடும். பி.ஏ. தமிழ் படிப்பது இதற்கு உதவும் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் பூட்டனாரை நான் கண்டுபிடித்தது ஒரு மழை நாளில். ஒரே வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், வட ஆற்காடு மாவட்டம், பிறகு சாய்ந்த கையெழுத்தில், இடது புருவத்துக்கு மேல் தழும்பு. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. மாட்டுக் கொம்போ, மரத்திலிருந்து விழுந்ததோ. கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவருக்கும் ஒரு சின்ன வயது இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விரலை அந்த வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

உன் ஆள் கிடைத்த மறுவாரம் போர்ட் லூயிக்குப் போ. கூலிகள் வந்திறங்கிய பழைய குடியேற்றத் துறையான ‘ஆப்ரவாசி காட்’ என்ற இடத்தில் அவர்கள் ஏறிவந்த 16 படிகள் இருக்கின்றன. 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பெயர் தெரியாமல் போனால் அவை வெறும் கல்படிகள். பெயரோடு போனால் வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது மலை. மோக்காவிலிருந்து நிமிர்ந்தால் கட்டைவிரலை உயர்த்திய மாதிரி நிற்கிறதே, லெ பூஸ், அதில் ஒருமுறையாவது ஏறு. உயரம் 812 மீட்டர். டார்வின் 1836-இல் இந்தத் தீவுக்கு வந்தபோது மே மாதம் ஏறிய மலை அது. மோக்கா பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டம் வழியாகப் போகிற பாதை பெரும்பாலும் சாதுவானது, உச்சிக்குக் கீழே கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் கையையும் ஊன்றி ஏற வேண்டும். மேலே போனால் ஒரு பக்கம் போர்ட் லூயி துறைமுகம், குதிரைப் பந்தயத் திடல், வடக்கே கடலில் குட்டித் தீவுகள். இன்னொரு பக்கம் நீ படிக்கும் இடம், தீப்பெட்டி அளவில். பக்கத்தில் தலையில் உருண்டைக் கல்லோடு பீட்டர் போத் மலை. தேவதைகளின் ரகசியத்தை வெளியே சொல்லிக் கல்லாய்ப்போன பால்காரனின் கதையைப் பாட்டி சொல்லியிருப்பாரே, அந்தத் தலைதான். இதற்குப் புதன்கிழமை மாலை போதாது, சனிக்கிழமை காலையில் நாலைந்து பேராகப் போங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் போகவே வேண்டாம், சிவப்பு மண் சோப்பு மாதிரி வழுக்கும். நல்ல ஷூ, தண்ணீர், வழியில் வாங்கிய தோல் பூரி, அதாவது உள்ளே பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, இரண்டு ஜோடி. உச்சியில் ஆறிப்போன தோல் பூரிக்கு இருக்கும் ருசி கடையில் சுடச்சுடச் சாப்பிடும்போது இருக்காது, இது நான் பலமுறை சோதித்தது.

ரெதுய் அரண்மனைத் தோட்டத்தை வருடத்தில் ஓரிரு நாள் பொதுமக்களுக்குத் திறப்பார்கள், செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிரு. 1748-இல் கட்டியது. எதிரி படையெடுத்தால் பெண்கள் ஒளிந்துகொள்ள ஒரு புகலிடம் என்று கட்டியதால்தான் அந்தப் பெயர். தோட்டத்தின் கடைசியில் நிலம் சட்டென்று முடிந்து பள்ளத்தாக்கு தொடங்குகிற இடத்துக்கு ‘உலகத்தின் முனை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 109 கதவுகள் உள்ள யுரேகா மாளிகையும் மோக்காவில்தான். பார்த்தால் நல்லது, பார்க்காவிட்டாலும் குடி முழுகாது. பகத்தேல் மாலில் தோழிகளோடு உட்காருவதும் தப்பில்லை, ஆனால் மால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கையில் ஒரு புதன்கிழமைதான் இருக்கும்போது அதை அங்கே செலவழிக்காதே என்பேன்.

ஒரு சின்ன விளையாட்டு. கையில் 500 ரூபாய் நோட்டு வந்தால் பின்பக்கம் திருப்பிப் பார். அதில் இருப்பது உன் பக்கத்து வளாகம், மொரீஷியஸ் பல்கலைக்கழகம். 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், நம்மவர். நோட்டில் தமிழிலும் எழுதியிருக்கிறதைப் பிற சமூகத்துத் தோழிகளுக்குப் படித்துக்காட்டு. கேட்டு ஆச்சரியப்படுவார்கள். அங்கிருந்து ஒரு பேச்சு தொடங்கும்.

அந்தத் தோழிகளைத் தைப்பூசத்துக்குக் கூப்பிடு. கத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவு முருகன் கோயிலுக்குக் காவடி ஏறுவதை ரோட்டோரத்தில் நின்று பார்த்தவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் நின்று இது ஏன், அது ஏன் என்று சொல்ல ஆள் கிடைத்தவர்கள் குறைவு. சொல்வதற்கு நீ தயாராகும்போது உனக்கே தெரியாதது எவ்வளவு என்று தெரியவரும், அதையும் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாடு போட்டு அனுப்பு. பெருநாளைக்கு அவர்கள் வீட்டு பிரியாணி உன்னைத் தேடி வரும். சென் பியேர் சமையலறையில் தொடங்கிய என் நட்பு இன்றைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது.

பஸ் ஜன்னலைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசாதே. காலையில் லயன் மலை வெளிச்சத்தில் எழுந்திருப்பதும், குளிர்காலத்தில் கரும்பு பூத்து வயல் முழுக்க வெள்ளியாவதும், வெட்டு தொடங்கியதும் லாரிகள் கரும்பைச் சிந்திக்கொண்டே போவதும் உன் தோழிகளின் படங்களில் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். போகும்போது தூங்கு, வரும்போது அன்றைக்குப் பார்த்ததில் ஒன்றைப் பற்றி ஐந்து வரி தமிழில் எழுது. பஸ் குலுங்கிக் கையெழுத்து கோணினாலும் பரவாயில்லை.

இன்று ராத்திரியே பாட்டியிடம் பழைய சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுவிடு. சித்திக்குப் போன் செய். புதன்கிழமைப் பையில் மறக்காமல் ஒரு ஸ்வெட்டர் வை. மாஹேபூர்க்காரிக்குத் தெரியாது, மோக்காவில் ஐந்து மணிக்கு மேல் நன்றாகவே குளிரும்.