டைப்பிங் கடைக்குக் கிராக் மென்பொருள் இல்லாமல் முடியுமா?

தலவாக்கலையில் டைப்பிங், போட்டோகொப்பி கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கடை கொம்பியூட்டரில் வேர்ட், எக்ஸல், போட்டோஷொப், பேஜ்மேக்கர் எல்லாமே யாரோ போட்டுத் தந்த கிராக் கொப்பிகள். அடிக்கடி வைரஸ் எச்சரிக்கை வருகிறது. காசு கொடுத்து வாங்கக் கட்டாது. சட்டப்படி, இலவசமாக வேறு வழி உண்டா? பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் பழைய வினாத்தாள்களுக்கு என்ன ஆகும்?"

வழி உண்டு. எச்சரிக்கையைச் சும்மா விடவும் கூடாது. கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்த கொப்பி, போடும்போது முதலில் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதற்குப் பிறகு உள்ளே என்னென்ன புகுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஊர்ச் சனங்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஸ்கேன் ஆவது அதே கொம்பியூட்டரில்தான். எனக்குப் பெரிய கவலை அதுதான். தவிர, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும்.

வேர்ட், எக்ஸலுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ். 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த திட்டம் இது. ரைட்டர் (வேர்டுக்குப் பதில்), கல்க் (எக்ஸலுக்குப் பதில்), இம்ப்ரெஸ் (பவர்பொயின்ட்டுக்குப் பதில்) எல்லாம் ஒரே பொதியில் வரும். ஏறக்குறைய 350 எம்பி. உங்கள் பக்கம் சிக்னல் மோசமென்றால் டவுனில் ஒருவர் இறக்கி பென் டிரைவில் தந்தாலே போதும். அப்படிக் கொப்பி பண்ணிக் கொடுப்பதை அதன் உரிமமே அனுமதிக்கிறது. பக்கத்துக் கடைக்கும் பாடசாலைக்கும் நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம். ஆசிரியர்கள் கொண்டுவரும் வேர்ட் கோப்புகள் திறக்கும், அதே வடிவத்தில் சேமித்தும் கொடுக்கலாம். சிக்கலான அட்டவணைகள் கொஞ்சம் நகரலாம். மெக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) எழுதிய எக்ஸல் கோப்புகள் சில ஓடாது.

இனி பாமினி. உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான். பாமினியில் திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. அதனால் லிப்ரே ஆபிஸ் உள்ள கொம்பியூட்டரிலும் பாமினி எழுத்துரு இருந்தால் பழைய வினாத்தாள் அப்படியே திறக்கும். ஆனால் ஒன்று: வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. நிறுத்தாவிட்டால் வசனத் தொடக்கத்தில் 'அம்மா' போய் 'ஆம்மா' வந்து நிற்கும். 'டூல்ஸ்' மெனுவில் 'ஓட்டோகரெக்ட்' என்ற இடத்தில் அந்தக் குறியை எடுக்கலாம். மேற்கோள் குறியை மாற்றும் வசதியையும் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

புதிதாக அடிப்பதை யுனிகோடில் அடியுங்கள். எந்தக் கொம்பியூட்டரும் போனும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறிமுறை அது. விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. இ-கலப்பை என்ற இலவசக் கருவியில் பாமினி விசை அமைப்பே இருக்கிறது, அடிப்பது யுனிகோடாக விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போனில் படிக்கலாம், தேடினாலும் கிடைக்கும். பழைய கோப்புகளை எல்லாம் உட்கார்ந்து மாற்ற வேண்டாம், திரும்ப யாராவது கேட்டு வரும்போது அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

போட்டோ வேலைக்கு, போட்டோஷொப்புக்குப் பதில், கிம்ப். பின்னணியை வெள்ளையாக்குவது, பாஸ்போர்ட் சைஸில் வெட்டி ஒரே தாளில் அடுக்குவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். பட்டன்கள் வேறு இடத்தில் இருப்பதால் முதலில் எரிச்சல் வரும், அப்புறம் கை பழகிவிடும். கோயில் திருவிழா நோட்டீஸ், பேனருக்கு இங்க்ஸ்கேப் நல்லது. மீரா இனிமை, கவிவனார், நோட்டோ போன்ற தமிழ் யுனிகோட் எழுத்துருக்களும் இலவசம்.

பேஜ்மேக்கரை எப்படியும் விட்டுத்தான் ஆக வேண்டும். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. பதிலுக்கு ஸ்க்ரைபஸ் இருக்கிறது. ஆனால் 1.6 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பையே போடுங்கள், பழைய 1.4இல் யுனிகோட் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். அச்சகத்துக்கு வேண்டிய நான்கு வர்ணப் பிரிப்புடன் பிடிஎஃப் எடுக்கவும் இதுதான் வசதி. கிம்ப் அந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தமில்லை. அச்சகத்துக்கு எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப்பையே அனுப்புங்கள். பேஜ்மேக்கர் கோப்புதான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், ஒரு பக்கத்தைச் சோதனைக்கு அனுப்பிக் காட்டுங்கள்.

விண்டோஸையே மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய கொம்பியூட்டருக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் பொருத்தம். மேலே சொன்ன லிப்ரே ஆபிஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் நான்கும் அதிலும் ஓடும் என்பதால் இப்போது பழகுவது வீண்போகாது. தமிழ் விசைப்பலகையை மட்டும் அங்கே தனியாக அமைக்க வேண்டும். நிறுவுவதற்கு முன் மின்ட்டை பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு, உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். சில சின்ன லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் மக்கர் பண்ணும்.

இந்த வாரம் லிப்ரே ஆபிஸை மட்டும் போட்டு, பாமினி வினாத்தாள் ஒன்றைத் திறந்து அச்சடித்துப் பாருங்கள். பாடசாலை விடுமுறையில் கூட்டம் குறையும்போது கிம்ப்பை எடுக்கலாம். கிராக் கொப்பிகளை நீக்கியதும் விண்டோஸைச் சுத்தமாக, உரிமத்துடன் திரும்ப நிறுவுங்கள், அல்லது மின்ட்டுக்கு மாறுங்கள்; மேலாகத் துடைத்தால் வைரஸ் போகாது. அதற்கு முன் உங்கள் கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுத்து வையுங்கள்.